வேரைத் தேடிய கணக்கர்கள்

மீலாது மேடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் நாம் கேட்டு மகிழும் செய்தி ஒன்றுண்டு. அல்ஜீப்ரா என்னும் கணிதத்தை உலகுக்கு அளித்தவர்கள் முஸ்லிம்கள் என்பதே அது. சொற்பொழிவாளர் அதைச் சொன்னவுடன் அவையில் கைதட்டல் எழுகிறது. கைதட்டியவர்களுள் நாமும் இருந்திருக்கிறோம். கூட்டம் கலைந்து வீடு திரும்பினால், அங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வர்க்கமூலக் குறிக்குள் அகப்பட்டுக் கிடக்கும் ஓர் எண்ணை எப்படி வெளியே எடுப்பது என்று விழித்துக்கொண்டிருக்கிறது. அல்ஜீப்ரா நம்முடையது என்று மகிழ்ந்த நம்மில் எத்தனை பேரால் அந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்து அந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட இயலும்?

இந்தக் கேள்வி நம்மை உறுத்தியதன் விளைவே இக்கட்டுரை. பெருமையை மட்டும் பேசாமல், கையில் ஒரு சிறு கணக்கைப் பிடித்துக்கொண்டே அந்த வரலாற்றினுள் நுழைந்து பார்ப்போம். கணக்கு இதுதான்: ஒரு பொருளிலிருந்து 2-ஐக் கழித்தால் எஞ்சுவது அப்பொருளின் வர்க்கமூலமாக இருக்கிறது, அப்பொருள் எவ்வளவு? பிள்ளைகளின் புத்தகத்தில் இதனைக் குறிகளால் எழுதுவர். பொருளைக் 'க' என்று வைத்துக்கொண்டால், √க = க − 2 என்றாகும். வர்க்கமூலம் என்பது எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் குறித்த எண் கிடைக்குமோ அந்த எண். 9-இன் வர்க்கமூலம் 3. 16-இன் வர்க்கமூலம் 4. இவ்வளவு தெரிந்தால் போதும், பயணத்தைத் தொடங்கலாம்.

பக்தாதில் எழுந்த நூல்

அப்பாஸிய கலீபா மஃமூன் ஹிஜ்ரி 198 முதல் 218 வரை, அதாவது கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்தார். அவர் காலத்துப் பக்தாதில், பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு இல்லத்தோடு தொடர்பு கொண்டிருந்த பேரறிஞர்களுள் ஒருவர் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. அவர் எழுதிய சிறு நூலின் பெயரில் 'அல்-ஜப்ரு', 'அல்-முகாபலா' என்னும் இரு சொற்கள் இடம்பெற்றன. அவற்றுள் முன்னதே ஐரோப்பியர் நாவில் அல்ஜீப்ரா ஆயிற்று.

அந்நூலில் இன்று நாம் காணும் குறிகள் ஒன்றுகூட இல்லை. எண்களையும் எழுத்தாலேயே எழுதியிருக்கிறார். அறியப்படாத எண்ணை அவர் 'ஜித்ரு' என்றழைத்தார். வேர் என்பது பொருள். அந்த வேரைத் தன்னாலேயே பெருக்கக் கிடைப்பதை 'மால்' என்றார். செல்வம் என்பது பொருள். பின்வந்தோர் அறியப்படாததை 'ஷய்உ', அதாவது 'ஒரு பொருள்' என்று சொல்வதை வழக்கமாக்கினர். மரத்தின் வேர் மண்ணுக்குள் மறைந்திருப்பதுபோல, கண்முன் நிற்கும் செல்வத்துக்கு அடியில் மறைந்து நிற்கும் எண்ணே வேர். அதைத் தோண்டி எடுப்பதே கணக்கரின் வேலை.

இந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதும் கருதத்தக்கது. வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு இடையறாது தேவைப்படும் கணக்கை எளிமையாகச் சொல்ல விழைந்ததாக ஆசிரியர் தம் முன்னுரையில் தெரிவிக்கிறார். நூலின் பெரும்பகுதியை வஸிய்யத்துக் கணக்குகளே நிரப்பியிருக்கின்றன. திருக்குர்ஆன் வகுத்த பாகங்கள் பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என ஆறு பின்னங்களாக அமைந்தவை. இவற்றோடு இறந்தவரின் கடனும் வஸிய்யத்தும் சேர்ந்துவிட்டால் கணக்குச் சிக்கலாகிவிடும். அங்கே ஓர் எண் பிழைத்தால் ஒரு விதவையின் பங்கோ ஓர் அநாதையின் பங்கோ குறைந்துபோகும். அத்தகைய கணக்குகளுக்கு வேர் தோண்ட வேண்டியதில்லை. அவை எளிய சமன்பாடுகளே. ஆயினும் 'விடை சரியாக இருந்தே தீரவேண்டும்' என்னும் அச்சம் அந்நூலின் பிறப்போடு பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

முறிந்ததைப் பொருத்துதல்

'ஜப்ரு' என்பதற்கு முறிந்ததைப் பொருத்தி ஒட்டுதல் என்று பொருள். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவரை 'அல்ஜெபிரிஸ்தா' என்று நெடுங்காலம் அழைத்து வந்தனர். கணக்கில் ஒரு பக்கத்தில் ஏதேனும் கழிக்கப்பட்டு நின்றால், அந்தப் பக்கம் முறிந்து நிற்கிறது என்று கொள்க. கழிக்கப்பட்டதை இரு பக்கத்திலும் கூட்டினால் முறிவு பொருந்திவிடும். 'முகாபலா' என்பது எதிரெதிரே நிறுத்துதல். இரு பக்கத்திலும் இருக்கும் ஒரே வகைப் பொருள்களைச் சமமாக நீக்கிவிடுதல்.

இனி நம் கணக்கை எடுத்துக்கொள்வோம். √க = க − 2 என்பதில் வேர்க்குறி தொல்லை தருகிறது. ஆகவே இரு பக்கத்தையும் தம்மாலேயே பெருக்குவோம். இடப்பக்கத்தில் வேர் நீங்கிப் பொருளே கிடைக்கும்: க. வலப்பக்கத்தில், பொருளின் வர்க்கமும் 4-ம் சேர்ந்து, அவற்றிலிருந்து 4 பொருள்கள் கழிந்து நிற்கும். இது முறிந்த பக்கம். 4 பொருள்களை இரு பக்கத்திலும் கூட்டி ஒட்டுவோம். இப்போது ஒரு பக்கத்தில் பொருளின் வர்க்கமும் 4-ம்; மறுபக்கத்தில் 5 பொருள்கள். அல்-குவாரிஸ்மியின் மொழியில் சொன்னால், ஒரு மாலும் நான்கும் ஐந்து வேர்களுக்குச் சமம்.

அவர் சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பகுத்தவர். இது அவற்றுள் ஐந்தாம் வகை. இதற்கு அவர் கற்பிக்கும் வழி இது. வேர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கு: இரண்டரை. அதைத் தன்னாலேயே பெருக்கு: ஆறேகால். அதிலிருந்து 4-ஐக் கழி: இரண்டேகால். அதன் மூலத்தை எடு: ஒன்றரை. இதனை அந்தப் பாதியோடு கூட்டினால் 4. பாதியிலிருந்து கழித்தால் 1.

ஒரே கணக்குக்கு இரண்டு விடைகள் கிடைத்துவிட்டன. இந்த வகையில் மட்டும் இப்படி நேரும் என்பதை அல்-குவாரிஸ்மி தெளிவாகவே உணர்ந்திருந்தார். கூட்டிக் கிடைப்பதை முதலில் பார்க்குமாறும், அது பொருந்தாவிட்டால் கழித்துக் கிடைப்பதைக் கொள்ளுமாறும் அவர் அறிவுறுத்துகிறார். அதாவது, விடை வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதைக் கேள்வியிடம் திருப்பி அழைத்துச் செல்லவேண்டும்.

அழைத்துச் செல்வோம். 4-இலிருந்து 2-ஐக் கழித்தால் 2; 4-இன் வர்க்கமூலமும் 2. கேள்வி இதை ஏற்றுக்கொள்கிறது. 1-இலிருந்து 2-ஐக் கழித்தால் 1 கடனாகிவிடுகிறது. 1-இன் வர்க்கமூலமோ கடனில்லாத 1. கேள்வி இதை ஏற்க மறுக்கிறது. நாம் எங்கும் தவறிழைக்கவில்லை. ஒவ்வொரு படியும் நேர்மையாகவே எடுத்து வைக்கப்பட்டது. பின் இந்தப் போலி விடை எங்கிருந்து நுழைந்தது? வேரை நீக்குவதற்காக இரு பக்கத்தையும் தம்மாலேயே பெருக்கினோமே, அந்த வாசல் வழியாகத்தான். கடனான 1-ஐத் தன்னாலேயே பெருக்கினாலும் 1. உடைமையான 1-ஐப் பெருக்கினாலும் 1. பெருக்கியபின் இரண்டுக்கும் வேற்றுமை தெரிவதில்லை. 1 என்பது உண்மையில் வேறொரு கேள்விக்குச் சரியான விடை. 2-இலிருந்து ஒரு பொருளைக் கழித்தால் அதன் வர்க்கமூலம் எஞ்சுகிறது என்று கேட்டிருந்தால், 1 என்பதே மறுமொழி. வேறொருவர் கேள்விக்கான விடை நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பார்ப்பதற்கு நம் விடைபோலவே இருக்கிறது; திருப்பிக் கேட்டாலன்றி வேறுபாடு புலப்படாது.

இந்தப் பாடத்தை நினைவில் நிறுத்திக்கொள்வோம். கட்டுரையின் முடிவில் அது நமக்குத் தேவைப்படும்.

செவிட்டு எண்கள்

நம் கணக்கில் வேர் முழு எண்ணாக வாய்த்தது நம் நற்பேறு. பொருள் 2 ஆக இருந்தால் அதன் வர்க்கமூலம் என்ன? ஒன்றரையைத் தன்னாலேயே பெருக்கினால் இரண்டேகால், மிகுந்துவிடுகிறது. ஒன்றேகாலைப் பெருக்கினால் இரண்டுக்குக் குறைகிறது. எந்தப் பின்னத்தை எடுத்தாலும் சரியாக 2 வருவதில்லை. ஒரு முழம் சதுரத்தின் மூலைவிட்டத்தை அளந்தால் கண்முன்னே அந்த நீளம் இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கத்தான் பின்னமில்லை.

இத்தகைய எண்ணைக் கிரேக்கர் 'விகிதமற்றது' என்னும் பொருளில் வழங்கிய சொல்லுக்குப் 'பேச்சற்றது' என்றும் பொருளுண்டு. அரபு அறிஞர்கள் அதனை 'அஸம்மு', அதாவது 'செவிடு' என்றனர். எவ்வளவு பொருத்தமான பெயர்! எந்தப் பின்னத்தின் பெயரால் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராத எண் அல்லவா அது! பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரபு நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்ந்தபோது அஸம்மு என்பதும் செவிடு என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லாயிற்று. அதுவே இன்று ஆங்கிலப் பாடநூல்களில் 'சர்டு' என்று நிற்கிறது. நம் தமிழ்ப் பாடநூல்கள் 'முறுடு' என்கின்றன. ஜித்ருவும் அவ்வாறே வேர் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லாகி, அதன் வழியே 'ராடிக்கல்' என்னும் ஆங்கிலக் கணிதச் சொல் பிறந்தது.

செவிட்டு எண்ணுக்கு அவையில் இடமளித்தவர்களுள் முதன்மையானவர் எகிப்தைச் சேர்ந்த அபூ காமில் ஷுஜா இப்னு அஸ்லம். அல்-குவாரிஸ்மிக்கு அடுத்த தலைமுறையினர். ஏறக்குறைய 850 முதல் 930 வரை வாழ்ந்தவர். அல்-குவாரிஸ்மியே 200-இன் மூலத்தைக் கொண்ட கணக்குகளைக் காட்டியிருந்தார். 20-இலிருந்து 200-இன் மூலத்தைக் கழித்ததோடு, 200-இன் மூலத்திலிருந்து 10-ஐக் கழித்ததைக் கூட்டினால், செவிட்டு மூலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சரியாக 10 எஞ்சும் என்பது அவற்றுள் ஒன்று. அபூ காமிலோ மேலும் துணிந்தார். செவிட்டு மூலம் சமன்பாட்டின் விடையாகவும் வரலாம். சமன்பாட்டினுள்ளே பொருளைப் பெருக்கும் எண்ணாகவும் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குகளைத் தீர்த்துக்காட்டினார். நீளமாக மட்டும் வரையத் தக்கது என்றிருந்தது, கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் தக்க எண்ணாயிற்று.

அவர் கையாண்ட விதி ஒன்றை நாமே போட்டுப் பார்க்கலாம். இரண்டு மூலங்களைக் கூட்டவேண்டுமா? அவ்விரு எண்களையும் கூட்டு. அவற்றைப் பெருக்கி வந்ததன் மூலத்தை இருமடங்காக்கி அதனோடு சேர். மொத்தத்தின் மூலமே விடை. 8-இன் மூலமும் 18-இன் மூலமும் செவிட்டு எண்கள். 8-ம் 18-ம் கூடினால் 26. பெருக்கினால் 144; அதன் மூலம் 12; இருமடங்கு 24. இரண்டும் சேர்ந்தால் 50. ஆகவே 8-இன் மூலமும் 18-இன் மூலமும் சேர்ந்து 50-இன் மூலம். செவிடர் இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியை அபூ காமில் கற்றுக்கொடுத்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது. இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்டோ 1202-இல் எழுதிய புகழ்பெற்ற கணக்கு நூலில் அபூ காமிலின் கணக்குகள் பல இடம்பெற்றன.

படிக்கட்டின் நடுப்படி

பிள்ளைகளின் புத்தகத்தில் வேர்க்குறிக்குப் பதிலாகச் சில இடங்களில் எண்ணின் தலைமேல் அரை, மூன்றில் ஒன்று என்று சிறு பின்னம் எழுதப்பட்டிருக்கும். இதைக் கண்டு மிரளாத பிள்ளை குறைவு. இதன் பின்னணியிலும் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

பக்தாதில் பணியாற்றிய அல்-கரஜீ, ஏறக்குறைய 953 முதல் 1029 வரை வாழ்ந்தவர். அமைச்சர் ஃபக்ருல் முல்கின் பெயரால் 'அல்-ஃபக்ரீ' என்னும் நூலை எழுதினார். பொருள், அதன் வர்க்கம், கனம், அதற்கும் மேற்பட்ட படிகள் என மேலே ஏறும் வரிசையையும், பொருளில் ஒரு பங்கு, வர்க்கத்தில் ஒரு பங்கு எனக் கீழே இறங்கும் வரிசையையும் அவர் ஒழுங்காக அமைத்தார். வடிவக் கணிதத்தின் கையைப் பிடிக்காமல் எண்களின் செய்கைகளைக் கொண்டே அல்ஜீப்ராவை நடக்கச் செய்த பெருமை அவருடையது.

அவர் வழிவந்தவர் அஸ்-ஸமவ்அல் இப்னு யஹ்யா. பக்தாதில் யூதக் குடும்பமொன்றில் ஏறக்குறைய 1130-இல் பிறந்த இவர், தம் 19-ஆம் வயதிலேயே 'அல்-பாஹிர்' என்னும் சீரிய நூலை எழுதினார். இஸ்லாத்தைத் தழுவியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1163-இல். அல்-பாஹிரில் அவர் ஓர் அட்டவணை வரைந்தார். நடுவில் 1, ஒரு புறம் பொருள், வர்க்கம், கனம் என்று ஏறும் படிகள், மறுபுறம் அவற்றின் பங்குகளாக இறங்கும் படிகள். இரண்டு படிகளைப் பெருக்கவேண்டுமானால் ஒன்றின் இடத்திலிருந்து மற்றதன் தூரத்தை எண்ணிக்கொண்டு நகர்ந்தால் போதும். வர்க்கம் இரண்டாம் படி, கனம் மூன்றாம் படி. பெருக்கினால் ஐந்தாம் படி. பெருக்கல் என்னும் பெரும்பாடு, படிகளைக் கூட்டும் எளிய வேலையாகிவிட்டது.

இப்போது வேருக்கு இந்தப் படிக்கட்டில் எங்கே இடம்? வேரை வேரால் பெருக்கினால் பொருள் வரவேண்டும். பொருள் முதற்படி. எந்தப் படியை அதனோடே கூட்டினால் 1 வரும்? அரைப்படி. ஆகவே வர்க்கமூலம் என்பது அரைப்படி. கனமூலம் என்பது மூன்றிலொரு படி. பிள்ளையை மிரட்டிய பின்னத்தின் பொருள் இவ்வளவே. ஆனால் இந்த அரைப்படியை அமைத்தவர் அல்-கரஜீயும் அல்லர், அஸ்-ஸமவ்அலும் அல்லர். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் நிக்கோல் ஒரேம் பின்னப் படிகளைக் கையாண்டார். 1676-இல் நியூட்டன் எழுதிய கடிதமொன்றில் அவை இன்றைய வடிவத்திலேயே காணப்படுகின்றன. நம்மவர் கட்டிய படிக்கட்டில் பிறர் நடுப்படி வைத்தனர். கல்வி இவ்வாறுதான் வளர்கிறது.

மூலங்களைக் கையால் காணும் கலை தன் உச்சத்தை எட்டியது சமர்கந்தில். உலூக் பேக்கின் அவையை அணிசெய்த ஜம்ஷீத் அல்-காஷீ, 1427-இல் முடித்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' என்னும் நூலில், 44,240,899,506,197 என்னும் 14 இலக்க எண்ணின் ஐந்தாம் மூலத்தைக் கண்டுகாட்டினார். முழு எண்ணாக 536 வருகிறது. அதனை ஐந்து முறை பெருக்கிக் கழித்தால் எஞ்சுவது வெறும் 21. பொறியில்லை, விசைப்பலகையில்லை, அட்டவணைகட்டிய தாளும் பொறுமையும் மட்டுமே. ஐயமுள்ளவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். நாம் பார்த்தோம், எண் தவறவில்லை.

கிட்டாத விடை

நிற்க. இந்த வரலாற்றில் நமக்கு மிகுந்த மதிப்பைத் தோற்றுவிப்பது ஒரு தோல்வி. நீஷாப்பூரின் உமர் கய்யாம், 1048 முதல் 1131 வரை வாழ்ந்தவர், பொருளின் கனம் வரும் சமன்பாடுகள் அனைத்தையும் வகைப்படுத்தினார். கூம்பை வெட்டிக் கிடைக்கும் வளைகோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைக் கொண்டு அவற்றின் விடையை வரைந்துகாட்டினார். ஆனால் வர்க்கச் சமன்பாட்டுக்கு உள்ளதுபோல, எண்களைக் கூட்டிப் பெருக்கி மூலமெடுத்து விடை காணும் வழியை அவரால் காண இயலவில்லை. அதை அவர் மறைக்கவில்லை. தமக்கும் தம் துறையினர்க்கும் அது கிட்டவில்லை என்றும், பின்வருவோருள் யாரேனும் காணக்கூடும் என்றும் எழுதி வைத்தார்.

பின்வந்தோர் கண்டனர். இத்தாலியில் டெல் ஃபெர்ரோவும் டார்டாலியாவும் கண்ட வழியை 1545-இல் கார்டானோ தம் நூலில் வெளியிட்டார். நான்காம் படிக்கும் வழி அதே நூலில் வெளிவந்தது. ஐந்தாம் படிக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தேடினர். 1824-இல் நார்வே நாட்டு இளைஞர் ஏபெல், ஐந்தாம் படிச் சமன்பாடுகள் அனைத்துக்கும் பொதுவாக அத்தகைய மூலவழி இருக்கவே முடியாது என்று மெய்ப்பித்தார். 'எனக்குத் தெரியவில்லை' என்று கய்யாம் மனம் திறந்து எழுதிய இடத்திலிருந்து, 'யாருக்கும் இயலாது' என்று ஏபெல் மெய்ப்பித்த இடம்வரை நீண்டது அந்தத் தேடல்.

கேள்வியிடம் திரும்புதல்

முன்னர் நினைவில் நிறுத்திய பாடத்தை இனி எடுப்போம். நாம் மேடைகளில் கைதட்டும் கூற்றுகளும் ஒருவகையில் விடைகளே. அவற்றையும் மூலக் கேள்வியிடம் திருப்பி அழைத்துச் செல்லவேண்டாவா?

'அல்ஜீப்ராவை முஸ்லிம்கள் எவர் துணையுமின்றிப் படைத்தனர்' என்பது ஒரு கூற்று. திருப்பிக் கேட்டால் அது நிற்கவில்லை. வர்க்கச் சமன்பாட்டுக்கு ஒத்த கணக்குகளை அல்-குவாரிஸ்மிக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் களிமண் பலகைகளில் தீர்த்திருக்கின்றனர். ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலிலேயே 'வர்க்கமூலம்' என்னும் சொல் இருக்கிறது. பிரம்மகுப்தர் 628-இல் கடன் எண்களுக்கும் செவிட்டு மூலங்களுக்கும் விதிகள் வகுத்தார். கடன் எண்களை விடையாக ஏற்காத அல்-குவாரிஸ்மியை விட இதில் அவர் முன்னே நின்றார். இந்திய எண்முறையை விளக்கி அல்-குவாரிஸ்மியே தனி நூல் எழுதினார். கிரேக்க டயோபாண்டஸின் நூலை அரபியில் பெயர்த்த குஸ்தா இப்னு லூகா ஒரு கிறிஸ்தவர். எனவே சரிபார்த்த கூற்று வேறு: சிதறிக் கிடந்த வழிகளைத் திரட்டி, எல்லாச் சமன்பாடுகளையும் ஆறு வகைக்குள் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் வழியும் காரணமும் காட்டித் தனியொரு கலையாக நிறுவியவர் அல்-குவாரிஸ்மி, அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் அரபு மொழியில் எழுதிய பல சமயத்து அறிஞர்கள். இது பெருமையில் குறைந்ததா? இல்லை, இதை எவரும் மறுக்க இயலாது என்பதால் முன்னதைவிட உயர்ந்தது.

'√ என்னும் வேர்க்குறி அரபு ஜீம் எழுத்தின் திரிபு' என்பது மற்றொரு கூற்று. அந்தலூஸில் 1412-இல் பிறந்து தூனிஸ் மண்ணில் 1486-இல் மறைந்த அல்-கலஸாதீ, ஜித்ரு என்பதன் முதலெழுத்தான ஜீமை எண்ணின்மேல் இட்டு மூலத்தைக் குறித்தது உண்மை. அவருக்கு முன்பே மக்ரிபு நாட்டுக் கணக்கர்களிடையே அத்தகைய குறிகள் வழங்கின என்பதும் உண்மை. ஆனால் இன்றைய √ குறி அச்சேறியது 1525-இல், ருடால்ஃப் என்பவரின் ஜெர்மன் நூலில். இரண்டுக்கும் இடையே பாலமாக ஓர் ஏடும் காட்டப்படவில்லை. சொல் நம்மிடமிருந்து சென்றது. குறி சென்றதாகச் சான்றில்லை. சான்றில்லாததை விட்டுவிடுவதால் சான்றுள்ளது வலுப்பெறுகிறது.

போலி விடைகள் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை என்பதை நம் கணக்கே காட்டியது. தொல்லை தந்த வேரை நீக்க நாம் இரு பக்கத்தையும் பெருக்கியபோது அது நுழைந்தது. அதுபோலவே, பிறர் நம்மை இகழ்ந்தபோது எழுந்த வேதனையை நீக்க, நம் பெருமையை நாமே பெருக்கினோம். அந்த வாசல் வழியே போலிகளும் நுழைந்தன. பெருக்கியது பிழையன்று, பெருக்கியபின் சரிபார்க்காததே பிழை. பிற்காலத்தில் வேறொருவர் அதைச் சுட்டிக்காட்டும்போது, போலியோடு சேர்த்து மெய்யையும் நம் பிள்ளைகள் சந்தேகிப்பார்கள். இழப்பு அவர்களுக்கே.

ஆகையால் நம் குடும்பத்தினரிடம் நாம் வேண்டுவது இது. அடுத்த முறை அல்ஜீப்ரா நம்முடையது என்று கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பும் இரவில், விளக்கடியில் விழித்திருக்கும் பிள்ளையின் அருகில், ஆணாயினும் பெண்ணாயினும், சற்றே அமர்வோம். பள்ளி சென்று படிக்க வாய்க்காத தாயாயினும் தயங்கவேண்டியதில்லை. கணக்கைப் போடத் தெரியாவிட்டாலும், "விடை வந்ததா? நல்லது வாப்பா, அதைக் கொண்டுபோய்க் கேள்வியில் வைத்துப் பார்" என்று சொல்ல அவளால் முடியும். அல்-குவாரிஸ்மி பக்தாதில் தம் மாணாக்கர்க்குக் கற்பித்ததில் ஒரு பகுதி அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது. பாகக் கணக்கில் அநாதையின் பங்கு குறைந்துவிடலாகாதே என்று அஞ்சிய சமுதாயத்துக்கு அந்த வாக்கியம் புதியதன்று.

வேர் மண்ணுக்குள்தான் இருக்கிறது. தோண்டுகிறவர்க்கே அது சொந்தம்.